கடைசித் துண்டு

தொண்ணூற்றேழில் மாங்குளத்துப் பக்கம் ஓர் உயிரின் விலை இரண்டு மூடை நெல். அப்புத்துரை அதற்குக் கீழே இறங்கியதில்லை. குளக்கரையோடு போன பாதையில் தொண்ணூறில் ரயில் நின்றதும், சிலிப்பர்கட்டையும் தண்டவாளமும் ஷெல்லடிக்கு ஊரார் பதுங்கிய பங்கர்களுக்குக் கூரையாகின. அப்புத்துரை ஒரு தண்டவாளத்தை நான்காக அறுத்து, மூன்றை அந்த விலைக்கு விற்று, நான்காவதைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

சண்டை முடிந்து பங்கர்கள் மூடப்பட்டபோது இரும்பை யாரும் எறியவில்லை. குளக்கட்டடியில் பொன்னையா தான் வாங்கிய துண்டைக் கிணற்றுக்குக் குறுக்கே போட்டார். அடுத்த வளவில் பேச்சியம்மா மாட்டுக்கொட்டில் கூரைக்கு வளையாக்கினாள். அதற்கடுத்து விஜிதரன் வாசலுக்கு மேலே வைத்துக் கட்டினான். ஒழுங்கையின் கடைசி வீடு அப்புத்துரையுடையது. அவருடைய துண்டு, மனைவி கமலாசனி பின்னேரங்களில் சரிந்து கிடக்கும் அறையின் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

புதுப் பாதை போட்டு ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கி எத்தனையோ வருடமாயிற்று. ரயில் போகும்போது குசினிக் கோப்பைகள் கிலுங்கும். அந்தப் பழைய இரும்புகள் அசைந்ததில்லை. மார்கழி மழை இருட்டியிருந்த ஒரு புதன்கிழமை, எந்த ரயிலும் இல்லாத பின்னேரம் மூன்று நாற்பதுக்கு, அப்புத்துரை பார்த்துக்கொண்டிருக்க, பொன்னையாவின் கிணற்று இரும்பு தேனீக்கூடுபோல் மெல்ல இரையத் தொடங்கி, வாளி தானாக ஆடி, கிணற்றுத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கி, சூடான இரும்பும் டீசலும் கலந்த ஒரு மணம் ஈரக் காற்றில் ஏறி, பிறகு அடங்கியது.

வியாழன் காலை பொன்னையாவைக் காணவில்லை. பாதிச் சோறு கோப்பையில் கிடந்தது.

அப்புத்துரைக்குப் பேயில் நம்பிக்கை இல்லை; மனிதரில் அதைவிடக் குறைவு. குளக்கரைக் காணிகளை விடுதி கட்ட வளைத்துக்கொண்டிருந்த வவுனியாத் தரகன் ரஜிதனுக்குப் போன் எடுத்தார்.

"பொன்னையான்ர காணியை எவ்வளவுக்கு முடிச்சனீ?"

"ஐயோ அண்ணை, அந்த மனுசன் போனே எடுக்கிறாரில்லை. உங்கட காணி எண்டாச் சொல்லுங்கோ, நாளைக்கே வாறன்."

'கள்ளன்' என்று நினைத்தார் அப்புத்துரை. 'அட்வான்ஸைக் குடுத்து ஆளை மாத்திப்போட்டுக் கதை விடுறான்.'

அன்று மூன்று நாற்பதுக்குப் பேச்சியம்மாவின் கொட்டில் இரைந்தது. வெள்ளிக்கிழமை அவளும் இல்லை. கறக்காத மாடு கத்திக்கொண்டு நின்றது. அட்வான்ஸ் வாங்கினாலும் பேச்சியம்மா மாட்டை விட்டுப் போகிறவளல்ல என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கை மட்டும் அவர் தள்ளி வைத்தார்.

மூன்று மணிக்கே போய் விஜிதரனின் படலையடியில் காவல் நின்றார். இரைச்சல் வந்தது. விஜிதரன் வாசலில் வந்து நின்று, ஒரு கையை உயர்த்தி மேலிருந்த இரும்பைப் பிடித்தான். அவன் உடம்பு முன்னும் பின்னுமாக ஆடியது, ஓடுகிற பெட்டிக்குள் நின்றுகொண்டு போகிறவனைப்போல.

"விஜி, என்னடா செய்யிறாய்?"

"தள்ளி நில்லுங்கோ அண்ணை," என்றான் அவன், அவரைப் பார்க்காமல். "ஆக்கள் ஏறுகினம்."

சனிக்கிழமை விடிய, அவன் வீடு திறந்து கிடந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் கமலாசனி, "வவுனியாவுக்குப் பிள்ளையிட்டைப் போவமே? எனக்கு இந்த அறையிலை கிடக்கப் பயமாக் கிடக்கு."

"போகலாம். திரும்பி வரேக்கை ரஜிதன் முள்ளுக்கம்பி அடிச்சிருப்பான்."

அவருடைய யோசனை வேறு. ரயில் தன் இரும்பைத் தேடித் தேடி வருகிறது. இரும்பு இல்லாவிட்டால் எதில் ஓடும்? நான்கு ஆட்களைப் பிடித்து, மதியத்துக்குள் தண்டவாளத்தை இறக்கி, பனைவளை ஏற்றி, இரும்பை டிராக்டரில் கொண்டுபோய்க் குளத்தில் தள்ளினார். அது தாழும்வரை நின்று பார்த்தார்.

"இவ்வளவு வருசமாத் தலைக்கு மேலை வைச்சிருந்திட்டு, இண்டைக்குத்தான் பாரம் தெரிஞ்சதோ?" என்றாள் கமலாசனி.

"உன்னட்டை இனி ஒண்டும் வராது. பேசாமக் கிட."

அவள் கட்டிலில் சரிந்தாள். அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். மழைக்குக் கரண்ட் போயிருந்தது. யன்னலைச் சாத்தியிருந்தும் அறைக்குள் குளத்துச் சேற்று மணம்.

மூன்று நாற்பது. ஒன்றுமில்லை.

மூன்று நாற்பத்தொன்று. அப்புத்துரை சிரித்தார்.

அப்போது கால்களுக்குக் கீழே நிலம் இரைந்தது. மற்ற வீடுகளில் வந்த அதே இரைச்சல், ஆனால் அங்கெல்லாம் அது கடந்து போயிற்று. இங்கே மெதுவாகிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கு மேலே சுவரில் வெளிச்சச் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. யன்னல், யன்னல், யன்னல். ஓட்டம் குறைந்தது. நடை. தவழ்தல். பிரேக் தேய்ந்த சூட்டு மணம் அறையை நிறைத்தது.

பாதை முடிகிற இடத்தில் ரயில் நிற்கும். முடிகிற இடத்தை அவரே செய்து வைத்திருந்தார்.

நின்றது.

சுவரில் சதுரங்கள் அணைந்தன. இருட்டு. ஒரு கால் நிலத்தில் இறங்கியது. இன்னொன்று. பிறகு பல. அவசரமில்லாமல். ஈரமாக. கட்டிலைச் சுற்றி. கதிரைக்குப் பின்னால். அவருடைய பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில்.

"கமலா."

அவளுடைய விரல்கள் மட்டும் அவர் விரல்களை இறுக்கின. மனிசி பயந்துவிட்டாள் என்று நினைத்தார். அப்படி நினைக்க ஆசைப்பட்டார்.

வேறொன்றும் செய்யத் தெரியாமல் எண்ணினார். காலடிகளை எண்ணினார். பிறகு தன் மூச்சை அடக்கிக்கொண்டு, மற்ற மூச்சுகளை எண்ணக் காதைக் கொடுத்தார். நெடுநேரம் கொடுத்தார். ஒரு மூச்சும் கேட்கவில்லை.

இறங்கியவர்கள் இருபத்தொரு பேர். முதலே இருந்தவர்கள் இரண்டு பேர். ஆக, அறையில் இருபத்துமூன்று.

மூச்சுவிடுகிற ஆள், ஒன்று.