வௌவால் புடவும் கறுத்த பிரேக் ஆயிலும்

“கெளம்புடா சகாயம்! உன் மச்சான் அந்த நாத்தம் புடிச்ச பொந்துக்குள்ளதான் போய் மாட்டியிருக்காரு!”

ரோஸ்லின் ஏ.டி.வி.யை முடுக்கினாள். நாலு தடித்த சக்கரமும் பைக் மாதிரி ஹேண்டில்பாரும் வைத்த மலை வண்டி அது. கூனிமலை அடிவாரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு அதை வாடகைக்கு விடுவதுதான் அவள் பிழைப்பு. அவள் புருஷன் லூர்துவோ முந்தின நாள் ஒரு கடப்பாரையையும் கோணிப்பையையும் தூக்கிக்கொண்டு மலையேறியவர், இன்னும் திரும்பவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வௌவால் புடவு என்று ஒரு குகை. அதில் எந்தக் காலத்துப் பாளையக்காரனோ செம்புக் குடம் நிறையத் தங்கத்தை ஒளித்துவைத்தான் என்று பக்கத்து வீட்டு பல்ராஜ் அளந்துவிட்டானாம், இந்த மனுஷனும் நம்பிப் போனாராம். தூ! புதையல் ஆசை வந்துவிட்டால் மூளையோடு சேர்ந்து மூக்கும் அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

“போலீஸ்ல சொல்லிட்டியாக்கா?” என்றான் சகாயம்.

“சொல்லியாச்சு. ஆள் சேத்துக்கிட்டு வர்றோம்னாங்க. அதுவரைக்கும் கன்னத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா? ஏறு!”

சகாயம் அவள் தம்பி, மருந்துக்கடை வைத்திருப்பவன். பஸ் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பான். டீக்கடை கிளாஸைத் தானே மூன்று தரம் கழுவாமல் வாயில் வைக்க மாட்டான். மாலையில் கடைக்கு ஆள் நிறுத்திவிட்டு அக்காவின் வண்டிகளைப் பார்த்துக்கொள்வான், அதுவும் கை அழுக்காகாத வேலை என்றால்தான்.

“பிரேக் ஆயில் மாத்தச் சொன்னேனே, மாத்திட்டியா?”

“ம்… ஊத்தியாச்சுக்கா,” என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். முதலுதவிப் பையை மார்போடு கட்டிக்கொண்டு பின்னால் ஏறினான்.

வண்டி உறுமிக்கொண்டு ஏறியது! மழை பெய்து நனைந்த காடு. வழியெல்லாம் சகதி, அழுகிய இலை, காட்டுப்பன்றி விட்டை. சகாயத்தின் கணுக்காலில் ஒரு அட்டை ஒட்டிக் கொழுத்திருந்தது. அதைப் பார்த்தவன், “ஐயோ, சீ! சீ! எடுக்கா, எடு!” என்று வண்டியிலேயே குதித்தான்.

“அது உன் ரத்தம்தானேடா, வேற யாரோடதாவதா? சும்மா இரு!”

உச்சியைக் கடந்து அந்தப் பக்கச் சரிவில் இறங்கினார்கள். நீண்ட இறக்கம். முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டாள் ரோஸ்லின். பாதி தூரம் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“டேய்! பிரேக் புடிக்கலடா! லிவர் கொளகொளன்னு உள்ள போகுது!”

“பின்னாடி பிரேக்கைப் போடுக்கா!”

“அதைத்தான் மிதிச்சுக்கிட்டிருக்கேன்! இந்தச் சரிவுக்கு அது எந்த மூலைக்கு?”

கியரைக் குறைத்தாள். எஞ்சின் கதறியது. வண்டி சறுக்கியது, ஒரு பாறையில் உரசியது, உண்ணிச்செடிப் புதரைக் கிழித்தது, கடைசியில் பொளக்கென்று ஒரு குழியில் போய் விழுந்து நின்றது!

அது என்ன குழி என்று சொல்லவே வாய் கூசுகிறது. வௌவால் புடவின் வாசல் அது. எத்தனையோ வருஷத்து எச்சம் உள்ளேயிருந்து மழைநீரில் கரைந்து வழிந்து, அங்கே கூழாகத் தேங்கிக் கிடந்தது. கண்ணெரிகிற நாற்றம். மேலே கரப்பான்கள் நடைபோட்டன. சகாயம் எழுந்தான், தன் கையைப் பார்த்தான், அப்படியே குனிந்து வாந்தியெடுத்தான். ரோஸ்லினின் இடது மணிக்கட்டு பிசகி வீங்கிவிட்டது.

“ஏங்க! இருக்கீங்களா?”

“ரோஸ்லினா? இங்க… இங்க இருக்கேன்!” என்று உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

லூர்து ஒரு பாறையடியில் கிடந்தார். மேலே ஏறும்போது வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தலை முதல் கால் வரை எச்சம். ஆனால் மடியில் ஒரு செம்புக் குடம்! அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார்.

“கெடைச்சிருச்சு பாத்தியா? அடியில தங்கம் இருக்கு, கனக்குது!”

ரோஸ்லின் குடத்தை வாங்கிக் கவிழ்த்தாள். கட்டி கட்டியாக வௌவால் எச்சம் விழுந்தது. அடியில் புழு நெளிந்தது. வேறொன்றும் இல்லை.

“இந்தாங்க, உங்க தங்கம்! அள்ளிக் கழுத்துல போட்டுக்குங்க! தூ!” என்றவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சகாயம் மச்சானின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். விரல்கள் சில்லென்று நீலம் பாரித்திருந்தன. அவன் குரல் இறங்கிவிட்டது.

“அக்கா, காலுக்கு ரத்தம் சரியா ஓடல. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா காலையே எடுக்க வேண்டி வந்துரும்.”

இரண்டு கம்புகளை வைத்துத் துண்டால் காலைக் கட்டி, அவரை வாசலுக்குத் தூக்கிவந்தார்கள். போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. திரும்ப உச்சிக்கு ஏறி, ஊர்ப்பக்க இறக்கத்தில் அந்தக் கனத்த மனுஷனையும் ஏற்றிக்கொண்டு இறங்கியாக வேண்டும். இவ்வளவு நேரத்தில் வண்டி ஆறியிருந்தது. சகாயம் லிவரை அழுத்தினான். கெட்டியாக நின்றது.

“இப்ப புடிக்குதுக்கா! வா, போயிரலாம்!”

“இரு. சூட்டுல போய் ஆறினதும் திரும்பி வந்தா அதுல ஏதோ கோளாறு இருக்கு.”

ஹேண்டில்பாரில் இருந்த சின்ன ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினாள். மேலே கொஞ்சம் வெளிர் மஞ்சள். விரலை விட்டுக் கிளறினால், அடியிலிருந்து சாக்கடைத் தண்ணீர் போலக் கறுப்பாக எழும்பியது. டூல்பாக்ஸைத் திறந்தாள். புது பிரேக் ஆயில் பாட்டிலில் கழுத்தளவுதான் குறைந்திருந்தது.

“மாத்திட்டேன்னியேடா?”

சகாயம் தலையைக் குனிந்தான். “தெறந்து பாத்தேன். கறுப்பா, பிசுபிசுன்னு… கொமட்டிக்கிட்டு வந்துச்சு. மேல கொஞ்சம் புதுசு ஊத்தி மூடிட்டேன்.”

“சீ! உன் சுத்தத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு! பழைய ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சு வச்சிருக்கும்டா. சூடானா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். ஆவியை அமுக்கினா அது அமுங்கிப் போகுமே தவிர, பிரேக்கு எப்படிப் புடிக்கும்? நாத்தத்தை உள்ள வச்சுக்கிட்டு மேல பன்னீர் தெளிச்சிருக்கே!”

திட்டி முடிக்க நேரமில்லை. அவளால் ஒற்றைக் கையில் லிவரைத்தான் அழுத்த முடியும். பழைய ஆயிலை வடிக்க, சக்கரத்துக்குள்ளே இருக்கும் திருகைத் திறந்து மூட இரண்டு கை வேண்டும். அதற்கு அந்தக் கூழில் படுக்க வேண்டும். சகாயம் குழியைப் பார்த்தான். மச்சானின் நீல விரல்களைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு சளக்கென்று படுத்துவிட்டான்!

முதலுதவிப் பையில் சலைன் ஏற்றும் டியூப் இருந்தது. ஒரு முனையை வெட்டி, அந்தத் திருகின் முனைக் குமிழில் மாட்டினான். மறுமுனையை எதில் விடுவது?

“மண்ணுல ஊத்தாத. மழையில கீழ ஓடைக்குப் போயிரும், ஆடு மாடு குடிக்கும்,” என்ற ரோஸ்லின் குடத்தை நீட்டினாள். அடியில் கொஞ்சம் புது ஆயிலை விட்டு, டியூப் முனையை அதில் முக்கினான்.

“என் குடத்துலயா?” என்று லூர்து அலறினார்.

“வாயைத் தெறந்தீங்க, உங்களையும் சேத்து இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்!”

“அமுக்குக்கா!”

“அமுக்கிட்டேன்!”

“விடாம புடி, தெறக்கிறேன்!”

ஸ்பேனர் கால் சுற்று திரும்பியது. லிவர் இறங்கியது. டியூபில் கறுப்புக் கஷாயம் குமிழியோடு ஓடிக் குடத்தில் வடிந்தது.

“மூடு!”

“மூடியாச்சு, விடு!”

டப்பா வற்றுவதற்குள் ரோஸ்லின் புது ஆயிலை ஊற்றினாள். மறுபடி அமுக்கு, புடி, தெற, மூடு. அப்போது மேலேயிருந்து ஒரு வௌவால் சகாயத்தின் கன்னத்தில் சொத்தென்று போட்டது. “ஐயே!” என்று அவன் கையை உதறியதில் டியூப் கழன்றுவிட்டது. திருகு திறந்தே இருந்தது. கத்தலைக் கேட்ட ரோஸ்லின் லிவரை விட்டுவிட்டாள். சர்ரென்று காற்று உள்ளே போய்விட்டது!

“போச்சு! அத்தனையும் போச்சு! பாட்டில்ல பாதிதான்டா இருக்கு!”

“மன்னிச்சுக்கக்கா. இனிமே என் வாய்க்குள்ளயே போட்டாலும் அசைய மாட்டேன்.”

முதலிலிருந்து தொடங்கினார்கள். அவன் சொன்னதைச் சோதிப்பது போல அடுத்தது நெற்றியில் விழுந்து, மூக்கோரமாக வழிந்து, உதட்டுக்கு வந்தது. சகாயம் அசையவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, ஸ்பேனர் பிடித்த கை மட்டும் ஆடவில்லை. கறுப்பு பழுப்பானது, பழுப்பு மஞ்சளானது, குமிழி நின்றது. அடுத்த சக்கரத்துக்கும் அதே பாடு. பாட்டிலில் கடைசி மிடறு இருக்கும்போது ரோஸ்லின் லிவரை அழுத்தினாள். கல் மாதிரி நின்றது!

சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். சகாயம் பின்னாலிருந்து தள்ள, ரோஸ்லின் வண்டியைக் குழியிலிருந்து ஏற்றினாள். லூர்துவை அவள் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். குடத்தைப் பின் கம்பியில் இறுக்கினார்கள். உச்சியேறி, ஊர்ப்பக்க இறக்கத்தின் தலைப்பில் வண்டி நின்றது. மழையில் உருண்ட கற்கள் வழியெங்கும் கிடந்தன. சகாயம் இறங்கி வண்டிக்கு முன்னால் போனான்.

“ஓரமா நடடா! பிரேக்கு போச்சுன்னா நசுங்கிருவே!”

“கல்லை யாரு பொறுக்குவா? அதுவுமில்லாம இது நான் பாத்த வேலைதானேக்கா. புடிக்கலேன்னா மொதல்ல என்மேல ஏறட்டும். வா!”

ரோஸ்லின் கியரைக் குறைத்தாள். வண்டியை மெல்ல விட்டாள். முன்னால் தம்பி, முதுகில் புருஷன். சறுக்குப் பாறை வந்தது. வலப்பக்கம் கிடுகிடு பள்ளம். பிரேக் சூடாகிப் புகைந்த வாசனை மூக்கில் ஏறியது. போன தரம் கைவிட்ட அதே நேரம்! சகாயத்தின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரோஸ்லின் லிவரை இழுத்துப் பிடித்தாள்.

வண்டி நின்றது! சகாயம் திரும்பிப் பார்த்தான். எச்சம் அப்பிய அந்த முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸோடு கிளம்பத் தயாராக நின்ற போலீஸ்காரர்களும் ஊரும் ஆரவாரம் செய்தார்கள். நாற்றம் வந்ததும் நாலடி விலகிக்கொண்டார்கள். சகாயம் கைகூடக் கழுவாமல் மச்சானைத் தூக்கி ஆம்புலன்ஸில் கிடத்தினான். அதற்குள் பல்ராஜ் ஓடிவந்து, “எனக்கும் பங்கு உண்டு!” என்று குடத்துக்குள் முழங்கை வரை கையை விட்டான். கறுப்பாகச் சொட்டச் சொட்ட வெளியே எடுத்து அவன் போட்ட கூச்சலில் ஊரே சிரித்தது. வலியிலும் லூர்துதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

கால் பிழைத்தது. லூர்து இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறார், புதையல் பேச்சை எடுப்பதில்லை. சகாயம் இன்னமும் பஸ் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிக்கிறான். ஆனால் மாலையில் ஊர் வண்டிகளுக்கும் பிரேக் ஆயில் மாற்றித் தருகிறான். வண்டிக்காரர் யாராவது வந்து, “அதெல்லாம் எதுக்குப்பா கழட்டிக்கிட்டு, மேலாக்க கொஞ்சம் ஊத்திவிடு,” என்றால், உள்ளே போய் அந்தக் குடத்தை எடுத்துவந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டுகிறான்.

“மோந்து பாருங்கண்ணே. உங்க வண்டிக்குள்ள இருக்கிறதும் இதேதான்.”

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்ததும், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறான்.