இரண்டு குட்டை விசில்

திருவொற்றியூர் சந்திப்புக்கு நான் வந்து சேர்ந்தபோது மதியம் மூன்றரை. புயலில் சிக்னல் செத்துக் கிடந்தது. போன வருடப் புயலுக்குப் பிறகு, என்னை இங்கே போடாதீர்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சிவிட்டேன். ஊர்க்காவல் படைக்காரி பேச்சை யார் கேட்கிறார்கள்?

அடைமழையில் எதிர்முனை தெரியாது. விசில்தான் எங்களுக்குக் கண். துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளை எதிர்முனையில் இருப்பவர் நிறுத்திவிட்டு, இரண்டு குட்டை விசில் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் நான் என் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும்.

போன வருடம் கேட்காமலே திறந்துவிட்டேன். ஹாரன் தொல்லை பொறுக்கவில்லை. நான் அனுப்பிய லாரி, அன்று எதிர்முனைக்காரனாக நடுரோட்டில் நின்ற நோயல் மேல் ஏறியது; அங்கேயே செத்துப்போனான். விசாரணையில், "விசில் கேட்டுதான் திறந்தேன்" என்றேன். பாவி, வேலை போய்விடும் என்று பயந்து சொன்னேன்.

இன்று எதிர்முனை அருள்பிரகாசத்துக்கு. பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாகப் போனில் சொல்லியிருந்தான். என் வரிசையில் முதலில் நின்றது பள்ளி வேன். ஜன்னலில் என் மகள் மகிமா கையாட்டினாள். அவள் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

மழைக்குள் இரண்டு குட்டை விசில்.

அப்பாடா, வந்துவிட்டான். கையைக் காட்டினேன். வேன் நகர்ந்தது.

அப்போது காற்றில் கிராம்பு மணத்தது. தொண்டைக்காக எந்நேரமும் கிராம்பு மென்றுகொண்டிருந்தவன் நோயல்.

செல்போன் அடித்தது. அருள்பிரகாசம்.

"அக்கா, வண்ணாரப்பேட்டையிலயே மாட்டிகினு கீறேன். இடுப்பளவு தண்ணி. அந்தாண்ட யாரும் இல்ல, வண்டிய வுட்றாத."

வேன் முன்னால் பாய்ந்தேன். டிரைவர் பிரேக்கை மிதித்தான். என் முதுகை உரசுகிற மாதிரி ஒரு கன்டெய்னர் லாரி, தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது.

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மகிமாவின் முகத்தைத் தடவினேன்.

அவள் அழவில்லை.

"ம்மா, இங்க ஒரு அங்கிள் நின்னுகினு இருந்தாரு. தொப்பலா நனைஞ்சிட்டாரு."

"யாருடி?"

"தெர்ல. உன்னாண்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"இன்னா கேக்கச் சொன்னாரு?"

"அன்னிக்கு உங்கம்மா கேட்ட விசில் இதுதானான்னு."



பின்னால், ஆளில்லாத நடுரோட்டில், மறுபடியும் இரண்டு குட்டை விசில்.