கோட்டுப் போட்ட உடம்பு

தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்தில் அனிட்டா மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பாம்பனிலிருந்து நின்றுகொண்டே வந்த எரிச்சல் ஒருபக்கம், கல்யாணப் படம் எடுத்த டேவிட்ராஜின் ஸ்டுடியோ வாசலை மறுபடியும் மிதிக்க வேண்டியிருக்கிறதே என்கிற எரிச்சல் மறுபக்கம். "இன்னைக்கு வந்துரும் தங்கச்சி" என்று அவன் எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள்.

அவள் கேட்டது பெரிய பொருள் ஒன்றுமில்லை. புருஷனின் முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம்.

சகாயவினோத் கடலில் போனபோது ஷெரின் வயிற்றில் இருந்தாள். விசைப்படகில் வலை இழுக்கையில் தவறி விழுந்தான். தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின, உடம்பு கரைக்கு வரவேயில்லை. அவன் போனும் அவனோடு போனது. கல்யாண ஆல்பத்தை அதற்கு முந்தைய புயலிலேயே வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் கூழாக்கியிருந்தது. மிஞ்சியது ஆதார் அட்டை. அதிலிருக்கிற கரிப்பூச்சைச் சகாயவினோத் என்று அரசாங்கம் நம்பலாம், பெற்ற தாய் நம்பமாட்டாள். பேஸ்புக்கில் தேடினால், அங்கே தன் முகத்துக்குப் பதிலாக ஒரு சினிமா நடிகனை வைத்திருந்தான், மகராசன்.

போன வாரம் எல்கேஜியில் குடும்பப் படம் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஷெரின் பேப்பரில் வந்த ஜவுளிக்கடை விளம்பரத்திலிருந்து மீசை வைத்த ஒருவனை வெட்டி, அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொண்டுபோனாள். "அப்பா நல்லா இருக்காரே" என்றாளாம் டீச்சர். பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னது. புருஷன் போனபோதுகூட அனிட்டா அப்படி அழுததில்லை. மறுநாளே டேவிட்ராஜுக்குப் போன் போட்டு, இந்தத் தடவை ஏமாற்றினால் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வேன் என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டேவிட்ராஜின் அய்யா கட்டிய பழைய ஓட்டுவீடுதான். முன்னறையில் ஒரு பெஞ்சு, அதற்குப் பின்னால் தடித்த கறுப்புத் திரை, திரைக்கு உள்ளே படம் பிடிக்கிற அறை. வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னல் ஒன்றுவிடாமல் அடைத்திருந்தான். உச்சி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணே தெரியாது. பவுடர் வாடையும் ஈரச்சுவர் வாடையும்தான் முதலில் வந்து சேரும்.

அந்த இருட்டுக்குள்தான் அந்தப் பெட்டி இருந்தது. நாலு ஹார்ட் டிஸ்க்கை வரிசையாகச் செருகிய கறுப்புப் பெட்டி. ஸ்டுடியோவில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் வயர் வழியாக அதில்தான் படங்களைப் போட்டுவைக்கும். ஊரின் கல்யாணம், பிள்ளைகள் கோயிலில் எடுக்கிற புதுநன்மை, சாவு எல்லாம் அதற்குள் இருந்தன. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றும் ஈடுகட்டிவிடும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். உப்புக்காற்றில் ஒரு டிஸ்க் செத்தது. பெட்டியும் ஒழுங்காகச் சிவப்பு விளக்குப் போட்டு எச்சரித்தது. நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? விளக்கின்மேல் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். கண்ணை உறுத்தியதாம், மீதியை மாதா பார்த்துக்கொள்வாளாம். மாதாவுக்கு வேறு வேலையில்லை பாருங்கள். இரண்டாவது டிஸ்க்கும் செத்த அன்றைக்கு அத்தனை படமும் மொத்தமாகப் போயின.

"வாங்கக்கா" என்றான் இர்பான். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன், பெட்டியிலிருந்து படங்களை மீட்க வந்திருந்தான். கம்ப்யூட்டர் திரையின் நீல வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. "பெரும்பாலும் வந்துருச்சு. இப்பத்தான் உங்க கல்யாணத்தைத் திறக்கப் போறேன்."

ஷெரினை முன்னறைப் பெஞ்சில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு உட்காரவைத்துவிட்டு அனிட்டா உள்ளே போய் நின்றாள். டேவிட்ராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் விலகி இடம் கொடுத்தான்.

"செத்ததை எப்படித் தம்பி படிக்க வச்சீக?" என்று கேட்டாள்.

"இதே மாதிரி இன்னொரு டிஸ்க் வாங்கி, அதோட படிக்கிற தலையைக் கழட்டி இதுல மாட்டினேங்க்கா. தலை ஒட்டிக்கிச்சுன்னா போதும், உடம்புல உள்ளதைப் படிச்சுரும்."

டேவிட்ராஜ் சட்டென்று இருமினான்.

முதல் படம் வந்தது. கோயில் வாசல். வெள்ளைப் பட்டில் அனிட்டா, பல் தெரியச் சிரிப்பு. பக்கத்தில் கோட்டுப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையைப் பொத்தானில் வைத்து அவன் நின்றான்.

கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது.

"அடுத்தது பாக்கலாம்" என்றான் இர்பான். அடுத்ததிலும் சாம்பல். மோதிரம் மாற்றும் படம், கேக் வெட்டும் படம், சொந்தக்காரர்கள் கூட்டமாக நிற்கும் படம். மாமியார் தெளிவாக இருந்தாள், எவனோ தெருவில் போனவன்கூடத் தெளிவாக இருந்தான். சகாயவினோத்துக்கு மட்டும் முகம் இல்லை.

இர்பான் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனான். பிறகு கையை எடுத்துவிட்டுத் தாடையைத் தடவினான்.

"ஃபைல் கெட்டுப்போச்சுன்னா படத்துல பாதி அழியும், கோடு கோடா வரும். ஒருத்தர் மூஞ்சியை மட்டும் தேடிப் பிடிச்சு அழிக்காதுக்கா. நான் இப்படிப் பாத்ததே இல்ல."

 கடைசி நம்பிக்கையும் போய்விட்டது என்பது மட்டும் அனிட்டாவுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போனால் அந்த ஜவுளிக்கடை விளம்பரத்து ஆள் இருக்கிறான், அவனையே பிள்ளை அப்பா என்று சொல்லிக்கொண்டு வளரட்டும் என்று நினைத்தாள். 

"வேற எங்கயாவது அவரு இருக்காரான்னு பாப்போம்" என்று இர்பான் பக்கத்து ஃபோல்டரைத் திறந்தான். அதற்குக் 'கடல்' என்று பெயர் இருந்தது.

"அது வேண்டாம் தம்பி, மூடு" என்றான் டேவிட்ராஜ்.

திறந்தாகிவிட்டது.

கடலில் செத்தவர்களின் படங்கள். உயிரோடு இருந்தவரை கைலியும் பனியனுமாகத் திரிந்த ஆட்கள் செத்த பிறகு கோட்டுப் போட்டுச் சுவரில் ஏறுவார்கள், அந்தக் கோட்டைப் போட்டுவிடுவது டேவிட்ராஜின் தொழில். குடும்பம் கொண்டுவருகிற ஏதாவது துண்டுப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, தயாராக வைத்திருக்கிற ஒரு கோட்டு உடம்பில் ஒட்டி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பான். அனிட்டா இந்தப் படங்களை ஒவ்வொரு வீட்டிலும் பார்த்திருக்கிறாள், முகத்தைத் தவிர வேறெதையும் கவனித்ததில்லை. இப்போது எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக நின்றபோது அவள் கண் கைக்குப் போனது.

பொத்தானில் வைத்த கை. வலை இழுக்கிற வின்ச்சில் நசுங்கி வளைந்துபோன சுண்டுவிரல். அந்த விரலை அவள் எத்தனையோ முறை நீவிவிட்டிருக்கிறாள்.

எல்லாப் படத்திலும் அதே விரல்.

"இது யாரு கை, அண்ணே?"

டேவிட்ராஜ் தரையைப் பார்த்தான். "அன்னைக்கு நல்லா நின்னாருல்ல தங்கச்சி. நம்ம பயலுக யாரும் கேமராவுக்கு முன்னாடி அப்படி நிக்க மாட்டான். அதான் அந்த உடம்பை எடுத்து வச்சுக்கிட்டேன்."

"எப்ப எடுத்து வச்சீக?"

"ஆல்பம் போடும்போதே."

"அப்ப அவரு உசுரோட இருந்தாரு."

"இருந்தாரு."

"உசுரோட இருந்த மனுசன் உடம்புலயா இத்தனை செத்தவுக தலையை ஒட்டுனீக? ஒட்டி, மாலை போட்டு, மெழுகுவத்தி கொளுத்தச் சொல்லி வீட்டுக்கு வீடு குடுத்தீகளா?"

 டேவிட்ராஜ் என்ன சொல்ல முடியும், வெட்கங்கெட்டவன். கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைத் திருநாள் இந்தக் கரை முழுக்க அவள் புருஷனின் உடம்புக்கு முன்னால் முழங்காலில் நின்று ஆன்ம இளைப்பாற்றிக்கு மன்றாடியிருக்கிறது. அவனோ அப்போது பாம்பன் துறையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான். இத்தனை பேர் கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது. 

பெட்டிக்குள் டக், டக் என்று சத்தம் கேட்டது.

"நீங்க எதையும் தொட்டீகளா தம்பி?"

"இல்லக்கா." இர்பான் இரண்டு கையையும் மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

திரையில் முதல் ஆளின் முகம் காணாமல் போயிருந்தது. கோட்டு மட்டும் நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த முகம் போனது. அதற்கடுத்ததும் போனது. சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுவது மாதிரி, யாரோ ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு வாடை வந்தது. பாசியும் டீசலும் அழுகின மீனும் கலந்த வாடை. ஜன்னல் அடைத்த அறைக்குள் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

டேவிட்ராஜின் போன் அடித்தது. அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான் போல, குரல் அறை முழுக்கக் கேட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற யாகப்பம்மாள்.

"ஏலே டேவிட்ராஜு, எம்மவன் கில்பர்ட்டு படத்துல மூஞ்சியைக் காணோம்லே."

"என்ன சொல்ற பெரியம்மா?"

"சுவத்துல மாட்டிருக்க படம்லே, நீ போட்டுக் குடுத்தது. வெறுங்கோட்டு நிக்கிது. கண்ணாடிக்குள்ள இருந்து தண்ணி வடியுது. நாக்குல வச்சுப் பாத்தேன், உப்புக் கரிக்கிது." கிழவியின் குரல் தணிந்தது. "அந்தக் கை அசையுதுலே."

டேவிட்ராஜ் போனைப் போட்டுவிட்டுத் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு ஓடினான். செருப்பைக்கூட மாட்டவில்லை.

"யா அல்லாஹ்" என்றான் இர்பான், வாய்க்குள். "அக்கா, வாங்க, நம்மளும் போயிருவோம்."

"இருங்க தம்பி."

பயம் இல்லாமல் இல்லை.  ஆனால் இத்தனை தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போனால் அப்புறம் அவளுக்கு ஜென்மத்துக்கும் இந்த முகம் கிடைக்காது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எல்லாரையும் உதறிட்டீகள்ல" என்றாள், அடுப்படியில் பேசுகிற குரலில். "இனி உங்க உடம்பு உங்களுக்கு. ஒருதடவை மூஞ்சியைக் காட்டுங்க. புள்ளைக்குக் காட்டணும். அதுக்குப் பெறகு உங்களை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

டக் டக் சத்தம் நின்றது.

யாரும் தொடாமலேயே அந்தக் கல்யாணப் படம் மறுபடியும் திறந்தது. கோயில் வாசல், வெள்ளைப் பட்டு, கோட்டு. சாம்பல் சதுரம் மேலிருந்து கீழாக, மெதுவாக நிரம்பத் தொடங்கியது.

முதலில் முடி வந்தது. நனைந்து ஒட்டிய முடி, அதில் பாசி சிக்கியிருந்தது.

பிறகு நெற்றி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து ஊறியிருந்தது.

பிறகு கண் இருக்க வேண்டிய இடம்.

அனிட்டா வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். மீன்களும் நண்டுகளும் தின்றது போக மிச்சம் விட்டதுதான் இருந்தது. உதடு இல்லாததால் பல் முழுக்கத் தெரிந்தது. அந்த முகத்துக்குப் பக்கத்தில் நின்று, கல்யாணப்பெண் அனிட்டா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டது கல்யாணத்தன்று இருந்த முகம். அவனிடம் இப்போது இருப்பது இந்த முகம்தான், இருப்பதைக் கொடுத்துவிட்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது, கடல்மேல் வந்தது, ஸ்டிக்கர் ஒட்டினவன்மேல் அடிவயிற்றிலிருந்து வந்தது. இதை எந்தச் சுவரில் மாட்டுவாள்? எந்தப் பிள்ளையிடம் காட்டுவாள்?

"அம்மா."

ஷெரின் பக்கத்தில் நின்றாள். டேவிட்ராஜ் விலக்கிவிட்டு ஓடிய திரை வழியாக வந்துவிட்டாள். அனிட்டா முந்தானையை விரித்துப் படத்தை மறைத்தாள். பிள்ளை குனிந்து, அம்மாவின் கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்துவிட்டது.

அலறப்போகிறது என்று அனிட்டா காத்திருந்தாள்.

அலறவில்லை.

"இவருதான் அப்பாவா?"

அனிட்டா பிள்ளையைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" பிள்ளைக்குக் குறை வந்துவிட்டது. "இவரு தெனம் நம்ம வீட்டுக்கு வாராருல்ல. நீ சோறு வடிக்கையில உன் பின்னாடி வந்து நிப்பாரு. கோட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கும். தலை இல்லாததுனால எனக்கு யாருன்னு தெரியல."

இர்பான் எழுந்து வயரைப் பிடுங்கினான். திரை அணைந்தது, பெட்டியின் விளக்குகளும் அணைந்தன. அறை இருண்டது. அந்த வாடை மட்டும் போகவில்லை, அனிட்டாவின் பிடரிக்குப் பின்னால் நெருங்கி வந்து நின்றது. முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

அவள் திரும்பவில்லை. முன்னறையிலிருந்து வந்த கொஞ்ச வெளிச்சத்தில் மகளின் முகம் மட்டும் தெரிந்தது. ஷெரின் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்குத் தலையை அண்ணாந்து பார்த்தாள். பழகின மனுசரிடம் பேசுவது மாதிரிப் பேசினாள்.

"அப்பா, இனிமே வீட்டுக்கு வரும்போது மூஞ்சியோடயே வாங்க."