செண்பகத்தின் வலது கை

"அம்மா...!"

அந்த அலறல் எமர்ஜென்சி வார்டைத் தாண்டி வராண்டா வரை கேட்டது.

இரும்பு ஸ்டூல் ஒன்று தரையில் உருண்டு நின்றது. அதன் பக்கத்தில் நர்ஸ் செண்பகம் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டு கோணலாய்த் தொங்கியது.

ஸ்டூலை வீசியவன் அறிவு.

சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். அப்பா துரைராஜுக்குக் காலையிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு. ஆட்டோவில் போட்டு, ராயப்பேட்டையில் இருந்த இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தான். செண்பகம்தான் ஓடிவந்து மாஸ்க் மாட்டி ஊசி போட்டாள்.

அப்போதுதான் வலிப்பில் துடிக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் கத்தியபடி நுழைந்தான். பெயர் காஷிஃப். செண்பகம் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இன்னா சிஸ்டர்... எங்கப்பா மூச்சு வுட முடியாம கீறாரு. நீங்க பாட்டுக்கு அங்க போறீங்க?"

"அவருக்கு மருந்து ஏறிட்டு இருக்குங்க. இந்தக் குழந்தையை இப்பப் பார்க்கலைன்னா..."

மிச்சம் அறிவின் காதில் விழவில்லை. ஸ்டூல் கைக்கு வந்தது. பறந்தது.

நேராகக் குழந்தையின் முகத்தை நோக்கி.

செண்பகம் குறுக்கே கையை நீட்டியிருக்காவிட்டால்...

அறிவு எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்துவிட்டு மெல்லப் பின்வாங்கி, கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டான்.

செண்பகத்தைக் கட்டுப் போட உள்ளே கூட்டிப் போன பிறகு, தகவல் கேட்டு வார்டுக்குள் வேகமாக வந்தார் சப்-இன்ஸ்பெக்டர் ரகுபதி.

"யாருய்யா அடிச்சது?"

வாசல் செக்யூரிட்டி, காஷிஃபைக் காட்டினார். "இவன்தான் சார். வந்ததுலேர்ந்து கத்திக்கினு இருந்தான்."

"நான் இல்ல சார்... எம் பொண்ணுக்குத்தான் அவங்க வைத்தியம் பண்ணிக்கினு இருந்தாங்க. அவங்களைப் போய் நான் அடிப்பனா?"

"நடய்யா. ஆஸ்பத்திரி ஆளுங்க மேல கை வெச்சா ஜாமீன்ல வர முடியாத செக்‌ஷன், தெரியுமில்ல?"

"பொண்ணு தனியா கீது சார்..."

அறிவு வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். 'நான் உள்ளே போயிட்டா அப்பாவுக்கு யாரு?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் அவனுக்கே கசந்தது.

இழுத்துச் செல்லப்பட்ட காஷிஃப், கூட்டத்தில் அகப்பட்ட முதல் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினான்.

"நைனா... கொழந்தைய கொஞ்சம் பாத்துக்கோ."

அந்த முகம் அறிவினுடையது.

அவன் தலையாட்டினான். அதைவிடக் கேவலமான காரியம் எதையும் அவன் அதுவரை செய்ததில்லை.

குழந்தையின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். டாக்டரும் இன்னொரு நர்ஸும் உள்ளே இருந்தார்கள். அறிவு அந்தத் திரையைப் பார்க்கவும் முடியாமல், பார்வையை விலக்கவும் முடியாமல் நின்றான்.

திடீரென்று அப்பாவின் இழுப்புச் சத்தம் நின்றது.

சரியாகிவிட்டது என்று நினைத்தான். அப்புறம்தான் உதடுகளைப் பார்த்தான்.

நீலம்...

"சிஸ்டர்... யாராச்சும் வாங்க..."

வந்தது செண்பகம். உடைந்த கையை ஓர் அட்டையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். இடது கையால் துரைராஜின் முகத்தில் மாஸ்க்கை அழுத்தினாள். அதோடு சேர்ந்திருந்த ரப்பர் பையை அறிவின் பக்கம் தள்ளினாள்.

"அமுக்குங்க."

"நா... நானா?"

"என்னால ஒரு கையில ரெண்டையும் செய்ய முடியாது. அமுக்குங்க... விடுங்க. அமுக்குங்க... விடுங்க."

அமுக்கினான். அப்பாவின் நெஞ்சு லேசாக எழும்பித் தாழ்ந்தது.

"மெதுவா. கோவத்துல அமுக்காதீங்க."

அறிவுக்குச் சுரீரென்றது. அவளை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி வியர்வை அவன் புறங்கையில் சொட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து டாக்டர் ஓடிவந்தார். தொண்டைக்குள் குழாய் இறங்கியது. மெஷின் மூச்சு விட ஆரம்பித்தது. உதடுகளில் நிறம் திரும்பியது.

"பொழைச்சுக்குவார்" என்றார் டாக்டர்.

அறிவு நேராக வராண்டாவுக்குப் போனான். ரகுபதி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார்... அந்த பாயை வுட்ருங்க. ஸ்டூலை வீசினது நான்தான்."

ரகுபதி ஆச்சரியப்படவில்லை. டீயை ஆற்றினார்.

"அவரை அப்பவே விட்டாச்சுய்யா. பின்வாசல் வழியா உள்ள அனுப்பிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் பொண்ணு காலாண்ட உட்கார்ந்திருக்காரு. அந்தப் பொண்ணுக்கும் வலிப்பு நின்னுடுச்சு."

"அப்ப... உங்களுக்கு..."

"ஸ்டூல் வர்றதைப் பார்த்துத்தானே சிஸ்டர் கையை நீட்டினாங்க? வீசினவன் மூஞ்சி மட்டும் தெரியாதா? கட்டுப் போடும்போதே உன்னைக் காட்டிட்டாங்க."

"அப்பவே ஏன் சார் என்னைப் புடிக்கல?"

"பிடிக்கத்தான்யா வந்தேன். அவங்கதான் நிறுத்தினாங்க. 'அவங்கப்பா நிலைமை சரியில்ல சார். இங்க இப்ப ரெண்டு கையும் உருப்படியா சும்மா இருக்கிறது அவன்கிட்ட மட்டும்தான். வேலை முடிஞ்சதும் எடுத்துக்கோங்க'ன்னாங்க."

அறிவு சுவரில் சாய்ந்தான். அழுகை வந்தது. அழக்கூடத் தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

செண்பகத்தை எக்ஸ்-ரேவுக்கு வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் அவள் முன்னால் விழுந்தான்.

ரகுபதி தொண்டையைச் செருமினார்.

"கடைசியில அவனும் உங்களுக்குக் கை குடுத்திருக்கான். பேசி முடிச்சுக்கலாமாம்மா?"

செண்பகம் காலை மெல்ல அவனிடமிருந்து விலக்கிக்கொண்டாள்.

"கை குடுத்ததுக்கு தேங்க்ஸ் சொல்லிடறேன் சார்... கையை உடைச்சதுக்கு மட்டும் கேஸ் எழுதுங்க."