வேன்காரர் வீடு

கதவைத் திறந்த திலகம் 'வாங்க' என்று சொல்லவில்லை.

அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. மழையில் நனைந்து, ஒரு கையில் துணிப்பையும் இடுப்பில் ஏழு வயது மகளுமாக வாசலில் நிற்பவளைப் பார்த்தால், பேச்சுவார்த்தை அறுந்துபோன வீட்டுக்காரிகூட வாய் தவறி ஒரு 'வாங்க' சொல்லிவிடுவாள். இவளோ ஓரகத்தி முறை. அம்சவள்ளியின் புருஷன் காளியண்ணனுக்குப் பெரியப்பா மகனான நல்லசாமிக்கு வாக்கப்பட்டவள். வந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவோடு ஒட்டி ஒதுங்கி வழிவிட்டாள்.

"என்னா அண்ணி, ஆளு தெரியலையா? காளியண்ணன் லா. சுங்கை பெசார்லேர்ந்து வரோம்," என்று காளியண்ணன் சிரித்தான்.

"தெரியுது தம்பி. செருப்ப உள்ள கொண்டாந்து போடுங்க. வெளிய விட வேணாம்."

"யாரு திருடப் போறா? லயத்துல ஒரு குஞ்சு குளுவானக்கூட காணோம்!"

"திருடறதுக்கு இல்ல. போட்டுக்கிட்டு நடந்துருவாங்க," என்றாள் திலகம்.

காளியண்ணன் அதற்கும் சிரித்தான்.

எங்கே தங்குவது என்று ஒரு வாரமாக வீட்டில் சண்டை. மகள் கலாவதிக்கு இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு ஓடினால் உதடு நாவற்பழ நிறத்துக்குப் போய்விடும். மாதக்கணக்கில் காத்திருந்து கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் தேதி கிடைத்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். தவறினால் அடுத்த தேதி எப்போது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸருக்கே தெரியவில்லை. "அது வரைக்கும் புள்ள தாங்கணும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினாலும் எட்டு மணிக்குப் போய்ச் சேர முடியாது. முந்தின நாளே கிளம்பி எங்காவது படுத்து எழ வேண்டும்.

கோலாலம்பூர் புடுவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சீனர் ஓட்டல் இருப்பதாக, அவளோடு கொப்பரை காய வைக்கும் லீலாவதி சொல்லியிருந்தாள். வெள்ளைத் துணி விரித்த கட்டில், உள்ளேயே குழாய், ஆஸ்பத்திரிக்கும் கிட்டம். காளியண்ணன் காது கொடுக்கவில்லை.

"பொண்டாட்டி புள்ளையோட போயி ஓட்டல்ல ரூம் போடுறதா? ஈஜோக்ல அண்ணன் இருக்காரு. சொந்த வேன். விடியறதுக்கு முன்னாடி பேக்டரிக்கு ஆள் ஏத்திக்கிட்டு கேஎல் போறவரு. நம்மள ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி விடுவாரு. பங்காளி வீட்டத் தாண்டிப் போயி ஓட்டல்ல படுத்தேன்னா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல அவரு மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

சொல்லியனுப்பாமலே கிளம்பினார்கள். பங்காளி வீட்டுக்குப் போக யாராவது முன்கூட்டிச் சொல்வார்களா?

தோட்டத்து முனையில் பஸ் இறக்கிவிட்டதிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் நடை. ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு இரண்டு பக்கமும் செம்பனை நட்டிருந்தார்கள். பால்வெட்டு நின்றதும் சனங்கள் ராவாங் டவுனுக்குப் போய்விட்டார்கள். லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு கதவில்லை. உள்ளே ஆட்டுப் புழுக்கையும் புல்லும். கடைசி லயத்தின் கடைசி வீட்டில் மட்டும் அடுப்புப் புகை. அந்தப் புகையை நம்பித்தான் அவள் நடந்து வந்தாள்.

முன்கூடத்தில் காலை வைத்ததும் ஊதுபத்தி வாடை முகத்தில் அடித்தது. ஒன்றிரண்டு அல்ல, கட்டோடு கொளுத்திவிட்ட புகை. அதற்கு அடியில் ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற மருந்தின் காரம். அதற்கும் அடியில், சுவரோரம் கோணிச் சாக்குகளில் கிடந்த மங்கில் உறைந்த பழைய ரப்பர்பாலின் புளித்த நாற்றம், பலகை இடுக்குகளிலும் பாயிலும் திலகத்தின் சேலையிலும் ஊறிப்போய்க் கிடந்தது. அம்சவள்ளி பிறந்தது பால்மரத் தோட்டத்தில். அந்த நாற்றத்தோடுதான் சோறு தின்று வளர்ந்தாள். புளித்த பாலின் நாற்றம் அவளுக்குத் தெரியும். அதில் இப்படி ஓர் இனிப்பு இருக்காது.

"அண்ணன் எங்க அண்ணி?"

"உள்ள படுத்திருக்காரு. கொஞ்ச நாளா சொகமில்ல."

"அய்யய்யோ. வேனு?"

"காலைல அவரே எடுப்பாரு."

உள்ளறைக்குப் பச்சைத் துணித் திரை போட்டிருந்தது. காளியண்ணன் திரையருகே போய் "அண்ணே!" என்றான். உள்ளே ஓர் இருமல். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கிய இருமல். "இப்பதான் கண்ண மூடுனாரு தம்பி, அப்பறம் பாக்கலாம்," என்று திலகம் குறுக்கே வந்து நின்றாள். இருமலைக் கேட்டதே போதும் என்று அவன் முன்வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து சிகரெட்டைத் தேடினான்.

துக்க வீட்டில்தான் 'வாங்க' சொல்ல மாட்டார்கள்.

அந்த நினைப்பு வந்ததுமே அம்சவள்ளியின் கண் திலகத்தின் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு இருந்தது. நெற்றியில் பெரிய பொட்டு. கொண்டையில் வாடிய பூகூட இருந்தது. அவளுக்குத் தன்மீதே வெட்கம் வந்தது.

திலகம் கலாவதியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரக் கையால் அவள் பாதங்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்குத்தான நெஞ்சுல கோளாறு? ஓடாதுல்ல?"

"ஓடக் கூடாதுக்கா. நடந்தாலே மூச்சு வாங்குது."

"அப்ப சொன்ன எடத்துல படுத்திருக்கும்."

அது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் திலகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "பெரியப்பாகிட்ட போயி இரு கண்ணு. புள்ளைங்கன்னா அவருக்கு உசுரு." திரை விலகி விழுந்தது. அம்சவள்ளி பின்னாலேயே போக எழுந்தாள். வாசலிலிருந்து காளியண்ணன் முறைத்தான். "விடு. அவருக்கும் புள்ள குட்டி இல்ல. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருக்கட்டும்."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தோட்டத்து லயங்களுக்கு எஞ்சின் கரண்டு வந்து, செம்பனைகளுக்கு அப்பால் நாலைந்து வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தன. இந்த லயத்துக்குக் கம்பியை அறுத்துவிட்டார்களாம். அடுப்படியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. கூரைத் தகரத்தில் மழை, காயப்போட்ட கொட்டைப்பாக்கைக் கொட்டுவதுபோல விடாமல் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே உள்ளறையிலிருந்து கலாவதியின் குரலும், இடையிடையே இன்னொரு குரலும் கேட்டன. வாயைத் திறக்காமல் தொண்டையாலேயே பேசுகிற குரல். பிள்ளை ஒருமுறை சிரித்தது. பேசுகிறார், பிள்ளை சிரிக்கிறது, பிறகென்ன பயம் என்று அம்சவள்ளி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பருப்பு வெந்ததும் கடுகு டப்பாவை எடுத்தாள். திலகம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தாளிக்க வேணாம்."

"ஏங்க்கா?"

"வேணாம்."

பிடித்த கை விடவில்லை. விரல்கள் வெந்நீரில் வெகுநேரம் ஊறியதைப்போலச் சுருங்கி வெளுத்திருந்தன. அம்சவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய இடத்தில் சாமி மாடம். முருகன் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் மேலே வேட்டித் துணி போட்டு மூடியிருந்தது.

வாங்க இல்லை. தாளிப்பு இல்லை. சாமி முகம் மூடியிருக்கிறது.

அவள் கையை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னாங்க, கெளம்புவோம்."

"எங்க?"

"எங்கயாச்சும். ரோட்டுல நிப்போம். லோரி எதாச்சும் வரும். ராவாங் போனா டாக்சி கெடைக்கும், அந்த ஓட்டலுக்கே போயிருவோம்."

"ஆரம்பிச்சுட்டியா ஓட்டலு! புள்ளைய மழையில நனைச்சு நடு ரோட்டுல மூச்சு நின்னா நீ பதில் சொல்றியா?"

"இது துக்க வீடுங்க."

"வாயக் கழுவு. அண்ணிக்குத் தாலி இருக்கு, அண்ணன் இருமுறாரு. உனக்குக் காது இல்லையா?"

அவளுக்கும் கேட்டது. ரம்புத்தான் மரத்தடியில் நின்ற வேனைப் பார்த்தாள். கண்ணாடி முழுக்கச் சருகு ஒட்டியிருந்தது. முன்சக்கரம் ஒன்று காற்றிறங்கி மண்ணில் புதைந்திருந்தது. அந்த வேன் காலையில் எங்கும் போகாது. எட்டு மணி வரும். டாக்டர் பெயரைக் கூப்பிடுவார். எழுந்து போக ஆள் இருக்காது.

கருமாதி. சட்டென்று நினைவுக்கு வந்தது. அவள் அத்தைக்கும் அப்படித்தான். மாமன் போனவுடனே யாரும் தாலியை இறக்கவில்லை; கருமாதி அன்றுதான் இறக்கினார்கள். அதுவரை பூவும் பொட்டுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அடுப்படிக்குத் திரும்பி வந்தாள்.

"அக்கா. நல்லசாமி மாமா எப்ப போனாரு?"

திலகம் அகப்பையால் பருப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"போகலையே புள்ள. போயிருந்தா உங்களுக்குச் சொல்லி விடமாட்டேனா? மூச்சு நின்னுச்சு. நானேதான் கழுவி, நானேதான் கட்டுனேன். லயத்துல வேற யாரு இருக்கா? விடிஞ்சதும் முனையில போயி ஆள் கூட்டியாறலாம்னு படுத்தேன். முழிச்சுப் பாத்தா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு." அகப்பையைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "ரெண்டு காலையும் சேத்து இறுக்கிக் கட்டி வச்சா படுத்திருக்காரு. நான் அசந்தா அவுத்துக்கறாரு. நானும் எத்தன ராத்திரிதான் முழிச்சிருப்பேன், சொல்லு? அந்தக் கட்டுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் படுத்துக்கிட்டா அவரு பேசாம வேலைக்குப் போயிட்டு வந்துருவாரு."

அம்சவள்ளி அப்போதுதான் கவனித்தாள். உள்ளறையில் பேச்சுச் சத்தம் இல்லை.

எப்போது நின்றது?

விளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திரையைக் கிழித்தாற்போல் விலக்கினாள். நாற்றம் ஈரத் துணிபோல வாயை மூடியது. இரும்புக் கட்டில். அதில் பெரிய ஆள் படுத்த பள்ளம், பாயில் கறுப்பாக ஊறிய கறை. பள்ளத்துக்கு நடுவே கலாவதி.

மல்லாந்து, நேராக. கைகள் இரண்டும் உடம்போடு. கழுத்துவரை வெள்ளை வேட்டி.

"கலா."

"சத்தம் போடாத மா." உதடு மட்டும் அசைந்தது. நாவற்பழ நிறம். "நான் எந்திரிக்காம இருந்தா பெரியப்பா உங்க ரெண்டு பேரயும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவாராம்."

வேட்டியைத் தூக்கினாள். குழந்தையின் இரண்டு கால் கட்டை விரல்களும் சேர்த்துக் கட்டியிருந்தன. பிணத்துக்குக் கட்டுவதுபோல. வெள்ளைத் துணிக் கிழிசல். ஊறிப்போன, அழுக்கேறிய, பெரிய விரல்களுக்கு என்று கிழித்த நீளத் துணி. சின்ன விரல்களைச் சுற்றிச் சுற்றி மிச்சம் தொங்கியது.

முடிச்சைப் பிடித்தாள். நகம் மடங்கியது. பல்லால் கடித்தாள். இறுகியது. கடிக்கக் கடிக்க இறுகியது. விரல்கள் சில்லென்றிருந்தன.

பின்னால் திரை அசைந்தது. திரைக்கு அப்பால் ஒரு பலகைக் கதவு இருப்பதையே அவள் பார்த்திருக்கவில்லை. அது மூடியது. வெளியே தாழ் விழுந்தது.

"அக்கா! அக்கா, தொறங்க! என்னாங்க! என்னாங்க!"

மழை. தகரம். அவள் கத்தியது கதவைத் தாண்டவில்லை.

ஆனால் காளியண்ணன் பேசுவது கேட்டது. முன்வாசல் பக்கச் சுவரில் பலகைகளுக்கு நடுவே விரல் அகல இடுக்கு. குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி அதில் கண்ணை வைத்தாள்.

பெஞ்சில் காளியண்ணன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான். பக்கத்தில், இருட்டில், ஒரு பெரிய உருவம் மெல்ல அமர்ந்தது. பெஞ்சு முனகியது.

"எந்திரிச்சிட்டீங்களா அண்ணே! நாங்க வந்ததுல உங்களுக்குத் தொந்தரவு," என்றான் அவன் சந்தோஷமாக. "அம்சா ஓட்டல் ஓட்டல்னா. நான்தான் உங்க வீடு இருக்கறப்ப எதுக்குன்னேன். இந்தாங்க, ஒன்னு பத்த வைங்க."

சிகரெட்டை நீட்டினான். தீப்பெட்டியை உரசினான். மழை ஈரத்தில் முதல் குச்சி பிடிக்கவில்லை. மறுபடி உரசினான். இரண்டு கையாலும் காற்றை மறைத்து, தலையைக் குனிந்து, நெருப்பை அண்ணனின் முகத்துக்குக் கொண்டுபோனான்.

தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரைக்கும் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. நெற்றி நடுவில் சந்தனத்தில் பதித்த காசு. துணி இறுக்கியதில் திறக்க முடியாத உதடுகள், சிகரெட்டைக் கவ்வுவதற்காக மெல்லக் குவிந்தன.