வயிற்றில் பெரட்டு

டாக்டர் கஜேந்திரன் எல்லாவற்றையும் கொடுத்தார். இயர்போனை மட்டும் கொடுக்கவில்லை. பூரணிக்கு அன்றைக்கே அது உறுத்தியது. வயிற்றில் பட்டியாகக் கட்டிக் குடலின் சத்தத்தைப் பதிவு செய்கிற கருவி, மாதிரி எடுக்கும் குப்பிகள், கேள்வித்தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. "நீங்க பதிவு மட்டும் பண்ணுங்க. கேக்கத் தேவையில்ல" என்றார். சொல்லும்போது அவருடைய இடது கை சட்டைக்கு மேலே வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

டயகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், ஆறு வீடுகள் ஒட்டி வரிசையாக நின்ற அந்த ஆறு காம்பரா லயத்தில் குடல் நோய் ஏன் விடாமல் வருகிறது, வந்தபின் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். ஆறு வீட்டுக்கும் மலை ஊற்றிலிருந்து வரும் ஒரே பீலித் தண்ணீர்தானே? பிறகு நோய் ஏன் முதல் வீட்டில் தொடங்கி, வரிசை பிசகாமல் அடுத்த கதவு, அடுத்த கதவு என்று நகர வேண்டும்? நாலாவது வீட்டுச் சின்னத்தம்பி போன வாரம் படுத்தார். ஐந்தாவது வீட்டு மீனம்மா நேற்று. ஆறாவது வீடு பூரணியுடையது. அங்கே அவளுடைய ஏழு வயது மகள் சுலக்ஷனா இருந்தாள். பிள்ளையைக் காப்பாற்ற ஏதாவது வழி தெரியவரும் என்றுதான் பூரணி இந்த வேலைக்கே சம்மதித்தாள்.

நாலு மணிக்கே மூடுபனி இறங்கி எதிர் மலையும் தேயிலையும் மறைந்துபோய், தகரக் கூரையில் ஈரம் சொட்டுகிற சத்தமும் விறகுப் புகையும் கிருமிநாசினி வாடையும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைத்த அந்த நேரத்தில், அவள் மீனம்மாவின் வயிற்றில் பட்டியைக் கட்டினாள்.

"இன்னைக்கு எப்புடிக்கா இருக்கு?"

"வயித்துல பெரட்டு, பூரணி. நிக்கவே மாட்டேங்குது."

பூரணி 'குமட்டல்' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டாள். முதல் நாலு வீட்டாரும் இதையேதான் சொன்னார்கள். அவர்களுடைய தாள்களிலும் அதே கட்டம்தான்.

மீனம்மா தலையை ஆட்டினாள். "வாந்தி இல்ல புள்ள. காலையில கங்காணி வரிசையா பேரு கூப்புடுவாருல்ல, நாம 'வந்துட்டேங்க'ன்னு சொல்லுவோம்ல, அந்தப் பெரட்டு."

பூரணி முதல் நாலு வீட்டுத் தாள்களையும் எடுத்து அந்தக் கட்டத்தை மறுபடி பார்த்தாள். பதிவு முடிந்ததும் பட்டியைக் கழற்றிக் கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். சுலக்ஷனா அடுப்படியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பூரணி தன் போனின் இயர்போனைக் கருவியில் செருகி, முதல் வீட்டுப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கினாள். தண்ணீர் ஓடுவது போலக் குடல் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை. அவசரமில்லாமல் ஒரு பெயரைச் சொன்னது. இரண்டாம் வீட்டுக்காரரின் பெயர். இரண்டாம் பதிவில் மூன்றாம் வீட்டுக்காரரின் பெயர். மூன்றாவதில் சின்னத்தம்பி. நாலாவதில் மீனம்மா. தேதிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு பெயரும், அந்த ஆள் படுப்பதற்கு முந்தின நாள் பதிவாகியிருந்தது.

டாக்டருக்குத் தெரியும். பாவி, தெரிந்துதான் கேட்க வேண்டாம் என்றிருக்கிறார்.

இனி ஒன்றுதான் மிச்சம். மீனம்மாவுடையது. அழுத்தினாள்.

இரைச்சல்.

பிறகு அமைதி.

"சுலக்ஷனா."

"வந்துட்டேங்க."

பதில் இயர்போனுக்குள் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து கேட்டது.

பூரணி திரும்பினாள். சுலக்ஷனாவின் கன்னம் ரொட்டியால் உப்பியிருந்தது. உதடுகள் மூடியிருந்தன. அவள் குனிந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல விழுங்கினாள்.

"நான் பேசலம்மா."

பூரணி ஓடிப்போய் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சட்டைக்குள், இருவருக்கும் நடுவில், ஏதோ இரைந்தது. நின்றது.

"பூரணி."

இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினாள். இறுக்கமாக. மூச்சுக்கூட விடவில்லை. உதடுகள் அசையவில்லை.

சேலைக்குள்ளிருந்து, அவளுடைய குரலிலேயே, பதில் வந்தது.

"வந்துட்டேங்க."