கரண்ட் போனதும் வந்த பெயர்

"அண்ணி, என்னைக் கள்ளி மாதிரி நிக்க வச்சுட்டாங்க!" செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள் தங்கை. கண் மருத்துவமனை ஒன்றில் அவள் வரவேற்பாளர். மருத்துவமனை இணையதளத்தின் முன்பதிவுப் படிவத்தில் புதிய டாக்டரம்மாவின் பெயரைப் பொறாமையால் மறைத்துவிட்டாளாம். அந்த வாரம் டாக்டரம்மாவைத் தேடி ஒரு நோயாளியும் வரவில்லை. நாளை விசாரணை, வேலை போவது நிச்சயம்.

"எவனோ பாஸ்வேர்டைத் திருடியிருக்கான்!" என்று துள்ளினான் அண்ணன்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க," என்றாள் அவன் மனைவி. பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பழுத்தவள் அவள். "நீ சொல்லும்மா."

"திங்கக்கிழமை கம்ப்யூட்டர்ல டாக்டர் பட்டியல்ல புது டாக்டர் பேரைச் சேர்த்தேன், ஓய்வு பெற்றவர் பேரை எடுத்தேன். 'பேர் மாத்தினா எனக்கு ஒரு போன் போடு'ன்னு புரோகிராமர் எப்பவும் சொல்வார். போட்டேன். ஊருக்குப் போறேன், அப்புறம் பாக்கறேன்னார். வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்ததும் படிவத்துல புதுப் பேர் தானா வந்துருச்சு. நான் பயந்து திருப்பிச் சேர்த்தேங்கறாங்க."

"பழைய பேரு?"

"அதுவும் அப்பதான் படிவத்திலேர்ந்து போச்சு."

"போதும்," என்றாள் அண்ணி.

மறுநாள் மேலாளர் அறையில் புரோகிராமர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தான். அவன் மேலாளரின் மருமகன். குடைந்ததை மேசை விளிம்பில் துடைத்தான். எதிரே மனைவியோடும் தங்கையோடும் உட்கார்ந்திருந்த அண்ணன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என் மெஷின்ல எல்லாம் சரியா வருதே," என்றான் புரோகிராமர்.

"வரும்," என்றாள் அண்ணி. "அங்கே நீங்க ஒவ்வொரு தடவை நிரலைச் சேமிக்கும்போதும் சர்வர் தானா புதுசா ஆரம்பிக்கும். இங்கே அப்படி இல்ல. டாக்டர் பட்டியலை எடுக்கற வரியைப் படிவத்தோட 'கிளாஸ்'ங்கற அச்சுக்குள்ளேயே நேரா எழுதிட்டீங்க. பைத்தான் அதை சர்வர் எழும்போது ஒரே தடவைதான் படிக்கும். காலையில எடுத்த போட்டோவைப் பாத்து, இப்ப அறையில யாரு இருக்காங்கன்னு சொல்ற கதை. படிவம் உருவாகும்போதெல்லாம் பட்டியலைப் புதுசா கேட்கணும். கரண்ட் போச்சு, சர்வர் மறுபடி எழுந்துச்சு, படிவத்துல ரெண்டு பெயரும் ஒண்ணா மாறிச்சு. பயந்துபோனவ புதுப் பேரைச் சேர்ப்பா. பழசு ஏன் அதே நொடியில மறையணும்?"

"அப்ப தெரியாம நடந்த தப்பு," என்றார் மேலாளர் அவசரமாக.

"தெரியாமலா? பேர் மாத்தினா போன் போடுன்னு ஏன் சொன்னார்? ஒவ்வொரு தடவையும் சர்வரை நிறுத்தி எழுப்பத்தான். இந்தத் தடவை மறந்துட்டு, பழியை இவ தலையில கட்டிட்டார்."

மருமகன் பேனாவை மூடினான். "சர்வர் கோளாறுன்னு போட்டுக்கலாம், மாமா."

"ஆமா, மாப்பிள்ளை. நீ நாளைக்கு வேலைக்கு வாம்மா."

தூ என்று துப்பத் தோன்றியது அண்ணனுக்கு. அதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"சர்வருக்கு வாயில்ல சார், இவருக்கு இருக்கு. எல்லார் முன்னாலயும் என்னைக் குத்தம் சொன்ன வாய். அதே ஆளுங்க முன்னால, அதே வாயால உண்மையைச் சொல்லட்டும். அப்புறம் யோசிக்கறேன், வர்றதா வேண்டாமான்னு."